குழாய் இருந்தா மூடியைத் திறக்க வேண்டாம்: மழைநீர் டிரம்முக்கு ஒரு சின்ன ஆபரேஷன்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ரொம்ப சிம்பிள். ஒரு பிளாஸ்டிக் டிரம், அதுல ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில ஒரு குழாய். இதுக்கு எதுக்குடா ஒரு முழு எபிசோடுன்னு கேப்பீங்க. இன்ஜினியரிங் படிச்ச நான் இந்த ஒரு ஓட்டையில ரெண்டு தடவை தோத்திருக்கேன். மூணாவது தடவைதான் சொட்டாம நின்னுச்சு. அந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு நங்கநல்லூர்ல, தரைத்தளம். மொட்டை மாடித் தண்ணி இறங்குற பைப்புக்குக் கீழ 200 லிட்டர் நீல டிரம் ஒண்ணு வச்சிருந்தேன். 2019 கோடைய நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ஏரியெல்லாம் வறண்டு, ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல சென்னைக்குத் தண்ணி வந்துச்சு. அதைப் பார்த்ததுக்கப்புறம் மழைத்தண்ணி கீழ போறதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். டிரம்மை வச்சேன், மேல ஒரு பழைய பிளைவுட் பலகையைப் போட்டேன். பலகையைத் தள்ளி, மக்கால மொண்டு செடிக்கு ஊத்துறது, வாசல் கழுவுறது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு நவம்பர் மாசம் வீடு வீடா கொசுப்புழு பார்க்க வர்ற அக்கா வந்தாங்க. பலகையை நகர்த்தி டார்ச் அடிச்சாங்க.

“தம்பி, இங்க வாங்க. உள்ள என்ன இருக்கு?”

“மழைத்தண்ணிக்கா.”

“நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். டார்ச் வெளிச்சம் பட்டதும் சின்னச் சின்னக் கமா மாதிரி ஏதோ நெளிஞ்சு நெளிஞ்சு கீழ இறங்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் பக்கத்து வீட்டுல ரெண்டாம் கிளாஸ் படிக்கிற பாப்பாவுக்கு டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. என் டிரம்முலேர்ந்து போன கொசுதான் கடிச்சுதுன்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு பொதுவா பிறந்த இடத்துலேர்ந்து சில நூறு மீட்டருக்குள்ளேயேதான் சுத்தும். அவங்க வீட்டுக்கும் என் டிரம்முக்கும் நடுவுல ஒரு காம்பவுண்டு சுவர்தான்.

டிரம்மை அங்கேயே கவுத்தாச்சு. 200 லிட்டரும் தெருவுல ஓடுது. எனக்குக் கொஞ்சம் கோவம் வேற. “மழைத்தண்ணியைச் சேமிக்கவும் சொல்றாங்க, நீங்க கொட்டவும் சொல்றீங்க. எதைக்கா கேக்குறது?”ன்னேன்.

“சேமிங்க தம்பி. மூடி வச்சு சேமிங்க.”

“மூடியைத் திறக்காம எப்படிக்கா தண்ணி எடுக்குறது?”

“அதுக்குத்தான குழாய்னு ஒண்ணு இருக்கு?”

இந்த எபிசோடோட சாரம் அந்த ஒரு வரிதான். குனியாம தண்ணி பிடிக்கலாம், செடிக்கு டியூப் மாட்டலாம்னு குழாயால ஆயிரம் வசதி இருக்கலாம். ஆனா குழாய் இருந்தாதான் டிரம்மை நிஜமாவே மூடி வைக்க முடியும். குழாய் இல்லாத டிரம்முக்கு எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் தினம் நாலு தடவை திறப்போம். அஞ்சாவது தடவை மூட மறப்போம்.

கொசுவுக்கு எவ்வளவு டைம் வேணும்?

ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து பறக்கிற கொசுவாக சுமார் 7லேர்ந்து 10 நாள் போதும். முட்டையைத் தண்ணிக்கு மேல, டிரம்மோட உள்சுவர்ல ஒட்டி வைக்கும். தண்ணி வத்தினாலும் அந்த முட்டை மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணி ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிஞ்சிடும். அதனால டிரம்மைக் கவுத்துட்டாலே வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. உள்சுவரை நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். நானும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் ஆபரேஷனை ஆரம்பிச்சேன்.

நான் தோத்த ரெண்டு தடவை

முதல் முயற்சி, நம்ம ஊர் வழக்கம். ஒரு இரும்பு பைப் துண்டை அடுப்புல பழுக்கக் காய்ச்சி டிரம்முல குத்தினேன். வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. ஆனா ஓட்டை வட்டமா வரல, முட்டை வடிவத்துல வந்துச்சு. சுத்தி உருகின பிளாஸ்டிக் ஒரு உதடு மாதிரி தடிச்சு நின்னுச்சு. அதுமேல வாஷர் எப்படி சமமா உக்காரும்? சொட்டுச்சு.

ரெண்டாவது முயற்சி, சொட்டுற இடத்துல பிசைஞ்சு ஒட்டுற எபாக்சியை அப்பினேன். காஞ்சதும் கல்லு மாதிரி ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாளி லேசா இடிச்சது, வடு கூட இல்லாம அப்படியே பேந்து வந்துடுச்சு. காரணம் பிறகுதான் புரிஞ்சுது. இந்த டிரம்மெல்லாம் ஹெச்டிபிஇங்கிற பிளாஸ்டிக். மெழுகு மாதிரி வழுவழுன்னு இருக்கும், சாதாரணப் பசை எதுவும் அதுமேல பிடிக்காது. சிலிக்கானும் அப்படித்தான். ஆக, இந்த வேலையில பசையை நம்பவே கூடாது. ரப்பரை ரெண்டு பக்கமும் இறுக்கி அழுத்துற அந்த அழுத்தம்தான் தண்ணியை நிறுத்தணும்.

டிரம் வாங்குறப்ப ஒரு கேள்வி

பழைய டிரம் வாங்குறீங்கன்னா கடைக்காரர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது, “இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?” எண்ணெய், பழக்கூழ், சர்க்கரைப் பாகு மாதிரி சாப்பாட்டுப் பொருள் இருந்த டிரம்னா ஓகே. கெமிக்கல், பூச்சிமருந்து, தின்னர் இருந்ததுன்னா, இல்ல “தெரியல சார்”னு பதில் வந்தா, விட்டுடுங்க. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சினது முழுசாப் போகாது. தின்னர் மாதிரி எரியுற சரக்கு இருந்த டிரம்மை சூடான கம்பியாலயோ டிரில்லாலயோ தொட்டா உள்ள நிக்கிற ஆவி பத்திக்கும். முதல் தடவை இரும்பைக் காய்ச்சிக் குத்தினப்ப இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்ல. இப்ப நினைச்சா வயித்தைக் கலக்குது.

அடுத்தது, முழு வாயும் திறக்கிற டிரம்மா வாங்குங்க. மேல ரெண்டு சின்ன ஓட்டை மட்டும் இருக்கிற டிரம்முக்குள்ள கை போகாது. கை உள்ள போகலைன்னா இன்னிக்குச் சொல்ற முறை செட் ஆகாது. நிறம் நீலம், கருப்புன்னு வெளிச்சம் புகாததா இருக்கட்டும். வெளிச்சம் போற வெள்ளை டிரம்முல பாசி பிடிக்கும்.

என்னென்ன வேணும்

ஹார்டுவேர் கடையில போய் ‘டேங்க் நிப்பிள்’னு கேளுங்க. ஒரு பக்கம் அகலமான தலை, நடுவுல மரை, அதுமேல ஒரு நட்டு. சிண்டெக்ஸ் தொட்டிக்கெல்லாம் போடுறது அதைத்தான். கூடவே 3 மி.மீ. கனமுள்ள மெத்து மெத்துனு ரப்பர் வாஷர் ரெண்டு, டெஃப்லான் டேப் ஒண்ணு, குழாய் ஒண்ணு. ஓட்டை போட டிரில்லும், அதுல மாட்டுற வட்ட ரம்பமும் வேணும். கடையில அதை ‘ஹோல் சா’ம்பாங்க. சொந்தமா இல்லைன்னா வாடகைக்குக் கிடைக்கும், இல்ல தெரிஞ்ச பிளம்பர் அண்ணன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்து ஓட்டை மட்டும் போட்டுக்கலாம்.

இங்க ஒரு பொறி இருக்கு. ‘அரை இன்ச்’ நிப்பிள்னு வாங்கிட்டு அரை இன்ச் ஓட்டை போட்டுடாதீங்க. அரை இன்ச்னா 12.7 மி.மீ. ஆனா அரை இன்ச் மரையோட வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ. இருக்கும். பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள்ல அதுக்கும் மேல இருக்கலாம். நம்ம கோடுல எவனோ பத்து வருஷம் முன்னாடி வச்ச வேரியபிள் பேரு மாதிரிதான் இதுவும். பேருக்கும் உள்ள இருக்கிற மதிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. நிப்பிளைக் கையில வச்சு மரையை அளந்து, அதைவிட ஒரு மி.மீ. பெருசா ரம்பத்தைத் தேர்ந்தெடுங்க. ஓட்டையைப் பெருசாக்க முடியும், சின்னதாக்க முடியாது.

குழாய்ல, லீவரைக் கால் சுத்து திருப்பினா முழுசாத் திறக்கிற பால் வால்வு வகையை வாங்குங்க. ஏன்னு கடைசியில சொல்றேன். எடை கம்மியா இருக்கட்டும். கனமான பித்தளைக் குழாயை டிரம்மோட மெல்லிசான சுவர்ல தொங்கவிட்டா, வாளி இடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது நெம்புகோல் மாதிரி சுவரை ஆட்டும்.

எங்க ஓட்டை போடுறது

அடியிலேர்ந்து சுமார் 10 செ.மீ. மேல. மாடியிலேர்ந்து வர்ற மண்ணு, இலைத்தூள் எல்லாம் அடியில படியும். குழாய் ரொம்பக் கீழ இருந்தா அந்தக் கசடுதான் முதல்ல வரும். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. 200 லிட்டர் டிரம்முல 10 செ.மீ. உயரம்னா சுமார் 25 லிட்டர் குழாய்க்குக் கீழ எப்பவும் தங்கும். மழை சீசன் முடிஞ்சதும் அதை மறக்காம கவுத்துடணும்.

டிரம்மோட தையல் கோடு, எழுத்து, மடிப்பு எதுவும் இல்லாத வழுவழுப்பான இடமாப் பாருங்க. “சுவர் வளைவா இருக்கே, வாஷர் எப்படிப் படியும்?”னு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்துச்சு, கணக்குப் போட்டேன். 58 செ.மீ. விட்டமுள்ள டிரம்முல 40 மி.மீ. அகல வாஷர் வச்சா, நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் 0.7 மி.மீ.தான். மெத்துனு இருக்கிற 3 மி.மீ. ரப்பர் அதைத் தாராளமா நிரப்பிடும். கெட்டியான பிளாஸ்டிக் வாஷர்னா நிரப்பாது.

ரம்பத்தை வெளிப் பக்கத்துலேர்ந்து, மெதுவான வேகத்துல ஓட்டுங்க. வேகம் கூடினா பிளாஸ்டிக் உருக ஆரம்பிச்சிடும், என் முதல் முயற்சி மாதிரி ஆயிடும். ஓட்டை விழுந்ததும் ரெண்டு பக்கமும் இருக்கிற பிசிறை பிளேடால சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. விரலால தடவினா எதுவும் தட்டுப்படக் கூடாது.

மாட்டுற வரிசை

டிரம்மைப் படுக்க வச்சு, ஒருத்தர் உள்ள கை விடணும், ஒருத்தர் வெளிய. எங்க வீட்டுல உள்ள நான், வெளிய அம்மா.

உள்ளேர்ந்து வெளிய போற வரிசை இது: நிப்பிளோட தலை, ரப்பர் வாஷர், டிரம் சுவர், இன்னொரு வாஷர், நட்டு. ரப்பர் கண்டிப்பா உள்பக்கம், தண்ணி நிக்கிற பக்கம் இருக்கணும். வெளிய மட்டும் ரப்பர் போட்டா, தண்ணி தலையைத் தாண்டி ஓட்டைக்குள்ள வந்து, மரையோட பள்ளத்துல சுத்திச் சுத்தி நட்டு வழியா வெளிய வந்துடும். உள்பக்கமே நிறுத்திட்டா அது ஓட்டைக்கே வராது.

இறுக்குறப்ப உள்ள இருக்கிற தலையை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, வெளிய நட்டை மட்டும் திருப்பணும். ரெண்டும் சேர்ந்து சுத்தினா ரப்பர் முறுக்கிக்கும். கையால முடிஞ்சவரை இறுக்கிட்டு, அப்புறம் ஸ்பேனர்ல கால் சுத்து, மிஞ்சிப்போனா அரைச் சுத்து. அதுக்குமேல இறுக்கினா ரப்பர் பிதுங்கி வெளிய வந்து, சொட்டுறது கூடும். “இன்னும் கொஞ்சம் இறுக்கவாடா?”ன்னு அம்மா கேட்டாங்க. “போதும்மா, போதும்மா”ன்னு டிரம்முக்குள்ளேர்ந்து கத்தினது எனக்கே எதிரொலிச்சுது.

டெஃப்லான் டேப் எங்க? குழாயை நிப்பிள்ல திருகுற மரையில மட்டும். குழாயோட மரை முனை உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு, கடிகாரம் சுத்துற திசையில ஏழெட்டுச் சுத்து இழுத்துச் சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா, குழாயைத் திருகுறப்ப டேப் கழண்டு சுருண்டு வந்துடும்.

டெஸ்டிங்

டெஸ்ட் பண்ணாம புரொடக்‌ஷனுக்கு அனுப்பக் கூடாது, தெரியும்ல? முதல்ல குழாய்க்கு ஒரு சாண் மேல வரைக்கும் மட்டும் தண்ணி ஊத்துங்க. நட்டைச் சுத்தி டிஷ்யூ பேப்பரை ஒத்தி எடுங்க. ஈரம் இல்லைன்னா முழுசா நிரப்பி ஒரு ராத்திரி விடுங்க. காலையில மறுபடி டிஷ்யூ.

“ஒரு சொட்டுதானே”ன்னு விடாதீங்க. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா நாளுக்கு 4 லிட்டருக்கு மேல போகும். ஒன்றரை மாசத்துல டிரம்மே காலி. அதைவிட முக்கியம், அந்தச் சொட்டு கீழ தேங்குற இடம். நாம எந்தக் கொசுவுக்காக இவ்வளவும் பண்றோமோ, அதுக்கு அங்க ஒரு புது வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

மேடை

200 லிட்டர்னா 200 கிலோ. அதாவது மூணு ஆள் எடை. ஆடுற ஸ்டூல், மரப்பெட்டி மேலல்லாம் வைக்கவே வைக்காதீங்க. குழந்தைங்க இருக்கிற வீடுன்னா இது இன்னும் முக்கியம். தரையைச் சமமாக்கி, சிமெண்ட் பிளாக்கை நெருக்கமா அடுக்கி, டிரம்மோட அடிப்பாகம் முழுக்க உக்கார்ற மாதிரி மேடை வைங்க. உயரத்துக்கு ஒரே கணக்கு: குழாய்க்குக் கீழ உங்க வீட்டுக் குடமோ வாளியோ நிக்கணும். குடத்தை வச்சே அளந்துக்கோங்க. டிரம்மை நிரப்புறதுக்கு முன்னாடியே மேடையில ஏத்திடுங்க. நிரம்பினப்புறம் அதை நகர்த்த ஆள் பத்தாது.

இப்ப மூடி

குழாய் வந்தாச்சு, இனி மூடியை நிஜமாவே மூடலாம். மூணு இடத்தைக் கவனிக்கணும்.

ஒண்ணு, மாடி பைப் உள்ள இறங்குற ஓட்டை. பைப் அளவுக்கே வெட்டி, ஜன்னலுக்குப் போடுற கொசுவலையைச் சுத்திக் கட்டுங்க. பைப்போட மேல் வாயிலயும் இலை தடுக்க ஒரு வலை இருக்கட்டும்.

ரெண்டு, நிரம்பி வழியுற ஓட்டை. உள்ள வர்ற பைப்பைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. அதுக்கும் கொசுவலை. வழியுற தண்ணியை மழைநீர்க் குழிக்கோ கிணத்துக்கோ விடுங்க. தமிழ்நாட்டுல 2003லேர்ந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால பெரும்பாலான வீட்டுல அந்தக் குழி எங்கேயோ ஒரு மூலையில இருக்கும். தேடிப் பாருங்க.

மூணு, காத்து. மூடி ரொம்ப இறுக்கமா இருந்து உள்ள காத்து போக வழி இல்லைன்னா, குழாயைத் திறந்ததும் கொஞ்சம் தண்ணி வந்துட்டு ‘குபுக் குபுக்’னு நின்னுடும். வழியுற ஓட்டை திறந்திருந்தா அதுவே போதும்.

எவ்வளவு தண்ணி, எவ்வளவு வேகம்

ஒரு சதுர மீட்டர்ல ஒரு மி.மீ. மழை பேஞ்சா ஒரு லிட்டர். உங்க பைப்புக்கு வர்ற மாடிப் பரப்பு 20 சதுர மீட்டர்னு வைங்க. 10 மி.மீ. மழைக்கே 200 லிட்டர். டிரம் ஃபுல். சென்னையோட ஆண்டு சராசரி மழை சுமார் 1400 மி.மீ. அந்தக் கணக்குல இதே 20 சதுர மீட்டர்ல வருஷத்துக்கு 28,000 லிட்டர் விழுது. டிரம் அதுல ஒரு துளி. அதனாலதான் வழியுற தண்ணி எங்க போகுதுங்கிறது அவ்வளவு முக்கியம். சீசனோட முதல் மழையை மட்டும் டிரம்முக்கு விடாம வெளிய விட்டுடுங்க. மாடியில சேர்ந்த தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதோட போயிடும்.

வேகத்துக்கு வருவோம். 10 மீட்டர் உயரத் தண்ணிக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம். நம்ம டிரம்முல ஒரு மீட்டர் கூட இல்ல, அதாவது 0.1 பாருக்கும் கீழ. மாடித் தொட்டித் தண்ணி மாதிரி பீச்சி அடிக்காது. உள்வழி குறுகலா இருக்கிற குழாய் போட்டா நூல் மாதிரிதான் வரும். பால் வால்வு வாங்கச் சொன்னது அதனாலதான். இன்னொரு விஷயம், தண்ணி குறையக் குறைய வேகமும் குறையும், ஆனா உயரத்தோட வர்க்கமூலக் கணக்குல. குழாய்க்கு மேல இருக்கிற உயரம் கால் பங்கா ஆனா வேகம் பாதியா ஆகும். டிரம் நிறைய இருக்கிறப்ப என் 15 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்துல நிரம்புது, கால் டிரம்ல கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம். அந்த நேரத்துல குழாய் ரிப்பேர்னு நினைச்சுக் கழட்டிடாதீங்க.

இந்தத் தண்ணி செடி, வாசல், பாத்ரூம், வண்டி கழுவ மட்டும். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தெரியாம யாராவது வாய் வச்சிடுவாங்கங்கிறதால, குழாய்க்கு மேல ‘குடிக்க அல்ல’ன்னு பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன்.

மறுபடியும் டார்ச்

அடுத்த சீசன் அதே அக்கா வந்தாங்க. நேரா டிரம்மைப் பார்த்துப் போனாங்க. மூடியைத் தட்டினாங்க. வழியுற ஓட்டையில இருந்த வலையை விரலால அமுக்கிப் பார்த்தாங்க. குழாயைத் திறந்து ஒரு வெள்ளை மக்குல தண்ணி பிடிச்சு, டார்ச் அடிச்சு, கொஞ்ச நேரம் பார்த்தாங்க. எனக்குப் பரீட்சை பேப்பர் திருத்துறதைப் பக்கத்துல நின்னு பார்க்கிற மாதிரி இருந்துச்சு.

“ஒண்ணும் இல்ல”ன்னாங்க. அந்தத் தண்ணியை அங்க இருந்த துளசிச் செடிக்கு ஊத்திட்டு, “கீழ படியுறதை மட்டும் அப்பப்பக் கழுவிடுங்க தம்பி”ன்னு சொல்லிட்டுப் பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்தாங்க. பாப்பா வாசல்ல சைக்கிள் ஓட்டிட்டு இருந்தா.

சரி மக்களே, இந்த வாரக் கடைசியில உங்க வீட்டு டிரம், பேரல், தொட்டி எதுவா இருந்தாலும் ஒரு தடவை மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு எங்களுக்கு எழுதுங்க. குழாய் மாட்டினா முதல் ராத்திரி டிஷ்யூ டெஸ்ட் பாஸ் ஆச்சான்னும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.